எப்படிக் கழற்றுவாய்?

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் அரசுத் துறை அரங்கு ஒன்றுக்கு பிளைவுட் அறுத்துக்கொடுக்கும் பையனாகத்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். தெர்மகோலில் அணைக்கட்டு, ஃபைபரில் கறவை மாடு, சீரியல் பல்பு ஓடும் நதி. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றால் போதும். பிறகு கடப்பாரையால் உடைத்து லாரியில் ஏற்றுவோம். உடைப்பதற்குத் தனிக் கூலி கிடையாது. உடைத்ததில் தேறும் பலகைதான் கூலி.

அங்கே எங்களுக்கு மேஸ்திரியாக இருந்த ஆசாரி நாகர்கோவில் பக்கத்துக்காரர். தேர் வேலை பார்த்த குடும்பம். நான் சுத்தியலை ஓங்கும்போதெல்லாம், "தம்பி, ஆணி அடிக்கதுக்கு முன்னால எப்படிக் கழத்துவன்னு ஒரு தடவ யோசிச்சுக்கோ" என்பார். எப்படியும் உடைக்கப்போகிற அரங்குக்கு ஏன் இந்தக் கவலை என்று ஒருநாள் கேட்டேன். தேரில் ஒரு துண்டு உளுத்துப்போனால் அந்தத் துண்டை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். ஆப்பு என்றால் தட்டி எடுக்கலாம், ஆணி என்றால் பக்கத்து மரத்தையும் சேர்த்துப் பிளக்கும் என்றார். "தேரு நம்மளவிட மூப்பு. நமக்குப் பெறகும் ஓடணும்லா."

அப்போது அது எனக்குப் பெரியவர் பேச்சாகத்தான் பட்டது. அது என் தொழிலுக்கே சட்டம் என்று விளங்க ஒரு பிடி ஈயக் காசு தேவைப்பட்டது.

2009இல் தென்மாவட்டம் ஒன்றில் சிறிய அகழ்வைப்பகத்தின் காட்சிக்கூட வேலை எங்களுக்குக் கிடைத்தது. டெண்டர் படிவத்தைப் பொறுத்தவரை அருங்காட்சியகம் என்பது சதுர அடிக் கணக்கு. தரைக்கு இவ்வளவு, ஃபால்ஸ் சீலிங்குக்கு இவ்வளவு, கண்ணாடிப் பெட்டி 22, எல்லாம் பிளைவுட், மேலே மைக்கா. பெட்டிக்குள் என்ன வரப்போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. நாங்களும் கேட்கவில்லை. அதே ரேட்டுக்கு நகைக்கடைக்கும் செய்துகொடுத்திருப்போம்.

பெட்டிகளுள் ஒன்று காசுகளுக்கானது. அதில் ஒரு தட்டு நிறைய ஈயக் காசுகள். சாதவாகனர்கள் ஈயத்திலும் காசு வெளியிட்டவர்கள். இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த அவர்களுடைய காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்திருக்கின்றன. எங்கள் தட்டில் கப்பல் இல்லை. தேய்ந்து, உரு மங்கிய சாம்பல் நிற வில்லைகள்தான். தூசி போகக் கூடாது என்று காப்பாட்சியர் சொல்லியிருந்தார். அதனால் கண்ணாடி ஓரங்கள் அத்தனையையும் சிலிக்கான் போட்டு அடைத்தேன். குளியலறைத் தொட்டிக்குப் போடுகிறோமே, அதே ட்யூப். எறும்புகூட நுழைய முடியாத பெட்டி என்று பெருமை வேறு.

திறப்பு விழா முடிந்து மூன்று மாதம் இருக்கும். காப்பாட்சியரிடமிருந்து போன் வந்தது. "காசெல்லாம் பூத்துப்போச்சு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால் ஒவ்வொரு காசின் மேலும் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் ஒரு புளித்த வாடை. அந்த வாடை எனக்குப் புதிதில்லை. சிலிக்கான் காயும்போது ஒவ்வொரு முறையும் மூக்கில் ஏறுவதுதான். காய்ந்தால் போய்விடும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். போக வழியில்லாதபடி அடைத்தவனும் நானே என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓய்வுபெற்ற வேதியியலாளர் ஒருவரைக் காப்பாட்சியர் வரவழைத்திருந்தார். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் ஆசாரியிடம்தான் முதலில் பேசினார். "உங்க வீட்டுல பித்தளைப் பாத்திரத்துல புளிக்கொழம்பு வெப்பாங்களா?"

"ஈயம் பூசாத பாத்திரத்துல வெச்சா களிம்பு ஏறிடுமே சார்."

"அதேதான். இவரு காசுக்குப் புளி ஊத்தி மூடி வெச்சிருக்காரு."

பிறகு எனக்கும் புரியும்படி சொன்னார். நான் போட்ட வகைச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். வினிகரில் இருப்பது அதுதான். ஈயத்துக்கு அந்த ஆவி எமன். ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்தால் ஈயத்தின் மேல்தோல் வெள்ளைப் பொடியாக மாறும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஓவியர்களுக்கான வெள்ளை நிறத்தை இப்படித்தான் வேண்டுமென்றே செய்தார்களாம்: ஈயத் தகட்டை வினிகர்ப் பானைக்குமேல் வைத்து, சுற்றிலும் சாணத்தைக் குவித்து மாதக்கணக்கில் மூடி வைப்பது. நான் அதே தொழிற்சாலையைக் கண்ணாடியில் கட்டி, மேலே ஹாலோஜன் விளக்கும் போட்டுச் சூடேற்றியிருந்தேன். பிளைவுட்டின் பசை வேறு தன் பங்குக்கு ஃபார்மால்டிஹைடு விட்டுக்கொண்டிருந்தது. சிலிக்கானிலேயே வாடையில்லாத நியூட்ரல் வகை ஒன்று கடையில் அதே அலமாரியில், ட்யூபுக்குச் சில ரூபாய் கூடுதல் விலையில் இருந்தது.

காசுகளைக் காப்பாற்றினார்கள். ஆனால் நான்கைந்து காசுகளில் மிச்சமிருந்த உருவும் பொடியோடு போய்விட்டது. மண்ணுக்குள் அத்தனை நூற்றாண்டு கிடந்தபோது போகாதது என் பெட்டிக்குள் மூன்று மாதத்தில் போனது. பில்லில் யாரும் பிடித்தம் செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

வேதியியலாளர் போகும்போது ஒரு சோதனை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் வகுத்தது. பெட்டியில் பயன்படுத்தப்போகும் பொருளில், அது துணியோ பெயின்டோ பசையோ, ஒரு துளி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட வேண்டும். கூடவே வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றிலும் பளபளவென்று தேய்த்த ஒவ்வொரு துண்டு, கொஞ்சம் தண்ணீர். குப்பியை இறுக மூடி 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைக்க வேண்டும். எந்த உலோகம் நிறம் மாறுகிறதோ, அந்த உலோகத்தின் பக்கத்தில் அந்தப் பொருள் போகக் கூடாது.

அன்றிலிருந்து என் பட்டறையின் ஒரு மூலையில் சிறிய அடுப்புப் பெட்டி ஒன்று எப்போதும் சூடாகவே இருக்கிறது. ஜவுளிக்கடையில் ஆசைப்பட்டு வாங்கிய கறுப்பு வெல்வெட் வெள்ளித் துண்டைக் கறுப்பாக்கியது. கம்பளி ஃபெல்ட்டும் அப்படியே. கம்பளியில் கந்தகம் உண்டு. ரப்பர் ஷீட் மோசத்திலும் மோசம். தேறியவை கொஞ்சம்தான்: கண்ணாடி, பவுடர் கோட் செய்து சூளையில் நன்றாக வெந்த இரும்பு, அக்ரிலிக், பாலியெத்திலீன் ஃபோம், சாயம் போடாத காடாத்துணி. காடாவையும் கஞ்சி போக நாலு தண்ணீரில் அலச வேண்டும்.

பெட்டிக்கு அடுத்தது தாங்கி. நாங்கள் மவுண்ட் என்போம். இந்த வேலையைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் வேலையும்.

பழைய பானைகளுக்குப் பெரும்பாலும் அடிப்பாகம் உருண்டை. சமதளத்தில் நிற்காது. முதல்முறை அக்ரிலிக்கில் மூன்று முட்டு வைத்து நிறுத்தப் பார்த்தேன். ஆசாரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எங்க வீட்டுல பானைய எதுமேல வைப்பாவ?" என்று கேட்டார். பிரிமணை! வைக்கோல் புரியைச் சுற்றி வளையமாக்கி அதன் மேல் பானையை உட்காரவைப்பார்கள். எடை ஒரு புள்ளியில் இறங்காமல் வட்டம் முழுக்கப் பரவும். அதையே ஃபோமில் வெட்டினோம். பானையின் வளைவுக்கு ஏற்றபடி கத்தியால் செதுக்கிச் செதுக்கி, ஒரு வளையத்துக்கு அரை நாள். இன்றுவரை என் பட்டறையில் அதற்குப் பிரிமணை என்றுதான் பெயர்.

உடைந்த பானையின் கழுத்து, கத்தியின் முனை, மணி கோத்த சரம் ஆகியவற்றுக்குப் பித்தளைக் கம்பி. மூன்று மில்லிமீட்டர் கம்பியை அனலில் காட்டி வளைத்து, நகம் போன்ற சின்னக் கொக்கியாக்கி, பொருளைத் தொடும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, பொருளின் நிறத்திலேயே சாயம் தீட்டுவோம். இதில் விதி ஒன்றுதான். கம்பிதான் பொருளுக்காக வளைய வேண்டும். கம்பிக்குள் பொருளைத் திணிக்கக் கூடாது. ஒட்டவும் கூடாது. உடைந்த ஓடுகளை ஒட்டும் வேலை வேதியியல் பிரிவுக்காரர்களுடையது. அவர்கள்கூட பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைத்தான் எடுப்பார்கள். அசிட்டோனை ஊற்றினால் என்றைக்கும் கரையும். நாளைக்கு இன்னொருவர், இந்த ஓடு இங்கே இல்லை, பக்கத்தில் வரும் என்று கண்டுபிடித்தால் கழற்றி மாற்ற வேண்டுமே.

கழற்ற முடியாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அதன் பெருமைகளில் ஒன்று அமராவதித் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றைச் சுவரிலேயே வைத்துப் பூசிவிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது திடமான, கவனமான வேலைதான். ஆனால் சுவர் என்றால் ஈரம் ஏறும், ஈரத்தோடு உப்பும் ஏறும், உப்பு கல்லுக்குள் போய்ப் பூக்கும்போது கல்லின் மேற்பரப்பைத் தள்ளும். சுவரிலிருந்து எடுக்கலாம் என்றால் சிற்பத்துக்கு வலிக்காமல் எடுக்க வேண்டும். அதே வளாகத்தில்தான் 1930களில் செப்புத் திருமேனிகளின் பச்சை நோய்க்கு மின்பகுப்பு முறையில் வைத்தியம் பார்க்கும் ஆய்வுக்கூடமும் நடந்தது. முந்தைய தலைமுறை நல்லெண்ணத்தோடு செய்ததைப் பிந்தைய தலைமுறை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருக்கும் இடம் என்றுதான் நான் எந்த அருங்காட்சியகத்தையும் பார்ப்பேன். என் சிலிக்கானும் அந்த வரிசையில் ஒன்று.

விளக்கு விஷயத்தில் நாங்கள் வாங்கிய திட்டு தனி. ஈயக் காசுகள் இருந்த அதே அகழ்வைப்பகக் கூடத்தில் ஓலைச்சுவடிக் கணக்கும் பழைய துணி ஒன்றும் இருந்தன. ஓலை, துணி, காகிதம் இவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. வெளிச்சத்தால் வரும் கேடு கடன்போலச் சேர்ந்துகொண்டே போகும். இரவில் விளக்கை அணைத்துவிட்டால் வெளுத்த நிறம் திரும்பி வராது. கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் வெளியே நம்மூர் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். அதிலிருந்து நேராக 50 லக்ஸுக்குள் நுழைகிறவருக்குக் கண் இருட்டிக்கொண்டுதான் வரும். பார்வையிட வந்த அதிகாரி வாசலில் நின்றபடியே, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கோபம் வந்துவிட்டது. "மக்கள் பணத்துல கட்டிட்டு இருட்டுல வெச்சிருக்கீங்களே, நாலு ட்யூப்லைட் போடுங்க."

போடவில்லை. பதிலுக்கு வழியை மாற்றினோம். வாசலிலேயே துணியும் ஓலையும் வந்ததுதான் தப்பு. முதலில் திறந்த தாழ்வாரம், அங்கே கல்வெட்டுகளும் நடுகற்களும். அடுத்து ஓட்டுக்கூரை போட்ட அறை, அங்கே பானைகள். அதற்குப் பிறகு சாம்பல் நிறச் சுவருள்ள திருப்பம். கடைசியில்தான் ஓலை. பத்து நிமிடம் நடந்து வருவதற்குள் கண் தானாகப் பழகிவிடும். ஆள் முன்னால் வந்தால் மட்டும் எரிந்து, நகர்ந்தால் அணையும் விளக்கு ஒன்றும் வைத்தோம். அடுத்தமுறை வந்த அதே அதிகாரி, "இப்போதான் வெளிச்சமா இருக்கு" என்றார். ஓலைப் பெட்டியில் லக்ஸ் மீட்டர் 48 காட்டியது. முதல்முறை வந்தபோதும் அதே 48தான்.

அதே கூடத்தில், திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு நடந்தது ஒன்று. வினைல் எழுத்துப் பலகைகள் அச்சாகி வந்தன. சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று படித்தேன். "கொற்கை" என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், காலோடு சேர்ந்து தனியே நின்றது. ஊர்ப்பெயர் மட்டுமில்லை, கொ, கோ, பொ, தொ வந்த இடமெல்லாம் அதே கதி. கணினிக்குள் யூனிகோடு தமிழில் மெய்யெழுத்து முதலிலும் கொம்பு அடுத்தும்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும் மென்பொருள்தான் கொம்பை இழுத்து முன்னால் வைக்க வேண்டும். அச்சகத்துப் பையன் வைத்திருந்த டிசைன் மென்பொருளுக்கு அந்த வித்தை தெரியாது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை, வடிவம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறான். விடிய விடிய எல்லா வரிகளையும் வேறு கணினியில் தட்டி, எழுத்தைப் படமாக மாற்றி, மறுபடி வெட்டினோம். காலை ஏழு மணிக்குக் கடைசிப் பலகை ஏறியது. அன்று முதல், அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பலகையையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பட்டறைச் சட்டம்.

எழுத்து சரியாக இருந்தால் மட்டும் போதுமா? முதலில் எங்களுக்கு வந்த குறிப்புகள் ஒவ்வொன்றும் முந்நூறு சொல். ஆய்வறிக்கையிலிருந்து அப்படியே எடுத்தவை. நின்றுகொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் முந்நூறு சொல் படிப்பார்கள்? அறுபது சொல்லுக்குள் கொண்டுவரக் காப்பாட்சியரோடு மல்லுக்கட்டினேன். மனமில்லாமல்தான் குறைத்தார். ஆனால் எங்கள் இருவரையும் தோற்கடித்தவர் ஒரு பாட்டி.

ஒரு பெட்டியில் பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த வில்லைகள் இருந்தன. குறிப்பு: "சுடுமண் வட்டச்சில்லுகள். விட்டம் 3 முதல் 5 செ.மீ." ஞாயிற்றுக்கிழமை, நான் ஏணிமேல் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பேத்தியோடு வந்த பாட்டி குறிப்பைப் பார்க்கவே இல்லை.

"ஏ, இது பாண்டிச் சில்லுடீ. ஓட்டாஞ்சல்லிய எடுத்துக் கல்லுல தேச்சுத் தேச்சு நாங்க பண்ணுவோம்ல."

"இது ரெண்டாயிரம் வருசம்னு போட்டிருக்கு பாட்டி."

"இருக்கட்டுமே. அவளும் தேச்சுத்தான் வெச்சிருக்கா, ஓரத்தப் பாரு."

அந்த "அவளும்" என்ற சொல்லை எந்தக் காட்சிப் பலகையாலும் சொல்ல முடியாது. ஏணியிலிருந்து இறங்கி வந்து காப்பாட்சியரிடம் சொன்னேன். ஆய்வாளர்களும் இவற்றை ஆட்டச் சில்லுகளாகத்தான் கருதுகிறார்கள், அறிக்கை மொழியில் வந்தபோது ஆட்டம் உதிர்ந்துவிட்டது என்றார். மறுவாரமே குறிப்பை மாற்றினோம். பெட்டிக்கு எதிரே தரையில் எட்டுக் கட்டம் கிழித்து, குயவர் ஒருவரிடம் செய்து வாங்கிய புது ஓட்டுச் சில்லுகளை ஒரு மரத்தொட்டியில் வைத்தோம். தொட்டி முதல் வாரத்திலேயே காலி. பிள்ளைகள் எடுத்துப் போயிருந்தார்கள். மாதம் நூறு சில்லு என்று பராமரிப்புச் செலவில் சேர்க்கச் சொன்னேன். தணிக்கையில் ஒவ்வொரு வருடமும் அந்த வரிக்கு விளக்கம் கேட்டார்களாம்.

இதற்கிடையில் தொழிலே மாறிவிட்டது. 2023இல் கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் சாயலில் திறந்தது. அதே ஆண்டு ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழியிலேயே தாழிகளை விட்டுவைத்து மேலே கண்ணாடித் தளம் போட்டு, மக்களை அதன்மேல் நடக்கவிட்டார்கள். பொருளைக் கூடத்துக்குக் கொண்டுவராமல் கூடத்தைப் பொருளிடம் கொண்டுபோவது. முதன்முறை அந்தக் கண்ணாடிமேல் கால் வைத்தபோது எனக்கு உள்ளங்கால் கூசியது. இப்போது புரொஜெக்டர், தொடுதிரை, அசையும் படம் இல்லாமல் எந்த டெண்டரும் வருவதில்லை. குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டியைப் பேசவைத்துப் படம் எடுக்க அன்று எனக்கும் ஆசை இருந்தது.

போன வருடம் அந்தப் பழைய அகழ்வைப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. கூடத்தை முழுக்கப் புதுப்பிக்கிறார்கள், வேலை வேறொரு நிறுவனத்துக்கு. எதை எங்கே திருகி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தவன் நான்தான் என்பதால் கழற்றுவதற்கு வந்து நிற்கச் சொன்னார்கள். ஆசாரி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் மகனை அழைத்துக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு பெட்டியின் அடித்தட்டிலும் ஒரு உறைக்குள் அந்தப் பெட்டியின் வரைபடம் இருந்தது. ஈயக் காசுக் கதைக்குப் பிறகு எல்லாப் பெட்டியையும் மறுபடி செய்தபோது நான் வைத்தவை. எந்தத் திருகை முதலில் எடுக்க வேண்டும், எந்தக் கம்பி எந்தப் பக்கம் விலகும் என்று என் கையெழுத்தில். புது நிறுவனத்துப் பொறியாளர் இளைஞர். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே பானையின் கழுத்துக் கம்பியைத் தளர்த்தினார். இரண்டு கையாலும் தூக்கினார். அடியில் ஒரு தழும்பு இல்லை. பிரிமணை மட்டும் பானையின் வளைவோடு தட்டிலேயே கிடந்தது. நாலு நாளில் கூடம் காலி. பதினான்கு வருட வேலை ஒரு மினி லாரியில் ஏறியது. உடைக்காமல் ஏற்றியதால் பலகை அத்தனையும் தேறியது.

கிளம்பும்போது அந்த இளைஞர் வாசல்வரை வந்தார். புதுப் பெட்டிக்கு உள்ளே என்ன பெயின்ட் நல்லது என்று கேட்டார். பெயின்ட் பெயரைச் சொல்லாமல் குப்பிச் சோதனையைச் சொன்னேன். குறித்துக்கொண்டே வந்தவர் 28 நாள் என்றதும் நிமிர்ந்தார்.

"சார், இருபது நாள்ல ஓப்பனிங். மினிஸ்டர் டேட் குடுத்தாச்சு."

"அப்போ ஈயக் காச மட்டும் வைக்காதீங்க தம்பி. சோதனை முடியற வரைக்கும் லேப்லயே இருக்கட்டும்."

"பெட்டி காலியா இருந்தா கேப்பாங்களே சார்?"

கேட்டால் என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். திறப்பு விழா நாளில் அந்தப் பெட்டி காலியாகத்தான் இருந்ததாம். காசுகள் சோதனையில் இருக்கின்றன என்று ஒரு சின்ன அட்டை மட்டும் வைத்திருக்கிறார். எட்டு நாள் கழித்துக் காசுகள் ஏறின. அந்த எட்டு நாளும் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒரு அழைப்பும் வரவில்லை.